எரிந்த பள்ளிக்கூடம் கடல் கடந்து வந்தது!

அரிக்கமேட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ரோமாபுரியைத் தேடித்தான் போகிறார்கள்.

போகாமல் என்ன செய்வார்கள்? 1945-ம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அங்கே மண்ணைத் தோண்டினார். ரோமர் காலத்து மண்ஜாடித் துண்டுகள் கிடைத்தன. கண்ணாடி மணிகளும் கிடைத்தன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரிக் கப்பல்களோடு வாணிகம் செய்த தமிழ்த் துறைமுகம் அது என்று உலகம் தெரிந்துகொண்டது.

அந்த மேட்டில் மரங்களுக்கு நடுவே இடிந்த செங்கல் சுவர்கள் நிற்கின்றன. உயரமான சுவர்கள். பார்க்கிறவர்கள், "இது ரோமாபுரிக்காரன் கட்டியதா?" என்று கேட்பார்கள்.

இல்லை. அது ரோமர் கட்டிய சுவர் அல்ல. அந்தக் கட்டடத்துக்கு வயது இருநூற்றைம்பதுதான். அதை எழுப்பியவர்கள் பிரஞ்சுக்காரப் பாதிரிமார். அதில் படித்தவர்கள் தமிழர் அல்லர்; பிரஞ்சுக்காரரும் அல்லர். சீனர், சயாமியர், வியட்நாமியர்!

அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? எங்கிருந்து ஓடி வந்தார்கள்?

மீனவர் ஊர்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது வீராம்பட்டினம். மீனவர் ஊர். ஊரின் காவல் தெய்வம் செங்கழுநீர் அம்மன். ஆடி வெள்ளிக்கிழமைத் தேர்த் திருவிழா புதுவை வட்டாரம் முழுவதும் பேர்போனது. பிரஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பது வழக்கம். பிரஞ்சுக்காரர் போன பிறகும் அந்த வழக்கம் போகவில்லை. துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

அம்மன் ஊரான வீராம்பட்டினத்தின் பெயர், கத்தோலிக்கத் திருச்சபையின் சரித்திரத்திலும் இருக்கிறது. ஊராரிலேயே பலருக்கு இது தெரியாது. பாரிஸ் வேதபோதக சபையின் பழைய ஏடுகளில் 'வீராம்பட்னம்' என்று அந்தப் பெயர் வருகிறது. 1770-ம் ஆண்டு முதல் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள், கீழ்த்திசை நாடுகளுக்கெல்லாம் குருமாரைத் தயார் செய்த பெரிய குருமடம் இங்கேதான் நடந்தது. அரிக்கமேட்டுச் சுவர்கள் அந்தக் குருமடத்தின் மிச்சம்தான் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. சிலர் அதை யேசு சபைக் கட்டடம் என்று எழுதுவதுண்டு. அது சரியல்ல.

குருமடம் என்றால் என்ன? கத்தோலிக்கக் குருவாக விரும்பும் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, படிக்க வைத்து, குருப்பட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பள்ளி.

உள்ளூர்ப் பையன் வேண்டும்!

இந்தப் பள்ளி முதலில் தொடங்கியது 1665-ம் ஆண்டில். இடம், சயாம் நாட்டின் தலைநகர். இன்று தாய்லாந்து என்கிறோமே, அந்த நாடுதான். தலைநகரின் பெயர் அயோத்தியா. ஆம், இராமர் பிறந்த அயோத்தியின் பெயரையே சயாம் மன்னர்கள் தங்கள் நகரத்துக்கு வைத்திருந்தார்கள்.

பிரான்சிலிருந்து பாதிரிமார் வந்துகொண்டுதானே இருந்தார்கள்? பிறகு ஏன் சீனப் பையன்களையும் வியட்நாம் பையன்களையும் தேடிப் பிடித்துப் படிக்க வைக்க வேண்டும்?

அதற்குக் காரணம் இருந்தது. சீனாவிலும் வியட்நாமிலும் கிறிஸ்தவ மதத்துக்கு அடிக்கடி தடை வந்தது. சீனச் சக்கரவர்த்தி 1724-ம் ஆண்டில் கிறிஸ்தவ மதத்தைத் தடை செய்தார். தடை வந்தால் முதலில் அகப்படுபவர் வெள்ளைக்காரப் பாதிரியார்தான். நடையுடையை மாற்றலாம், முகத்தை மாற்ற முடியுமா? நிறத்தை மறைக்க முடியுமா? சந்தைக்குப் போனால் தெரிந்துவிடும். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். அந்த ஊர்ப் பையனே குருவாக இருந்தால்? வியாபாரியோடு வியாபாரியாக, உழவனோடு உழவனாக ஊர் ஊராகப் போகலாம். இரவில் ஒரு வீட்டில் பூசை வைத்துவிட்டு விடியுமுன் அடுத்த ஊருக்குப் போய்விடலாம்.

இது வீண் கணக்கு அல்ல என்பதற்கு ஒரு மனிதர் சாட்சி. அவர் பெயர் ஆந்திரேயா லீ. சீனர். அயோத்தியாவில் இந்தப் பள்ளியில் படித்தவர். 1725-ம் ஆண்டு குருப்பட்டம் பெற்றுச் சொந்த நாடு திரும்பினார். 1746-ம் ஆண்டு வேதகலகம் வந்தது. சீனாவின் மேற்கே செச்சுவான் மாகாணத்திலிருந்த ஐரோப்பியப் பாதிரிமார் வெளியேற்றப்பட்டனர். லீ மிஞ்சினார். மலையும் ஆறுமாக விரிந்து கிடந்த அந்தப் பெரிய மாகாணத்தில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைப் பல ஆண்டுகள் அவரே தேடிச் சென்று கவனித்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் ஒரு நாட்குறிப்பும் எழுதினார். எந்த மொழியில்? லத்தீன் மொழியில்! பள்ளியில் கற்ற லத்தீன். அதே ஆண்டுகளில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். துபாஷி எழுதியது துரைமார் செய்தி, துணி வியாபாரம், போர். சீனக் குரு எழுதியது தம் மக்கள் பட்ட பாடு. ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாது.

கழுத்தில் மரம்

ஒரு நூறு ஆண்டு அயோத்தியாவில் பள்ளி நடந்தது. அங்கும் நல்ல காலம் மட்டுமே இருந்தது என்று சொல்ல முடியாது. 1688-ம் ஆண்டு சயாமில் அரசு மாறியபோது மேற்றிராணியாரும் மாணவர்களும் சிறைக்குப் போனார்கள். பிறகு விடுதலை கிடைத்தது. பள்ளி மறுபடி நடந்தது.

ஆனால் 1765-ம் ஆண்டு வந்த ஆபத்து வேறு மாதிரியானது. பர்மியப் படைகள் சயாமுக்குள் புகுந்தன. தலைநகரைச் சூழப் போகின்றன என்று தெரிந்தது. ஆசிரியர்கள் பையன்களைக் கூட்டிக்கொண்டு கிழக்கே ஓடினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1767-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், அயோத்தியா விழுந்தது. அரண்மனையும் கோயில்களும் எரிந்தன. ஊரில் தங்கிவிட்ட மேற்றிராணியார் பிரிகோவைப் பர்மியர் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஓடியவர்கள் கரை சேர்ந்த இடம் ஹோன் தாத். சயாம் வளைகுடாவின் ஓரத்தில், இன்றைய வியட்நாமின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. பக்கத்தில் ஹா தியென் என்ற துறைமுகம். அதை ஆண்டவர் சீன வம்சத்துக் குறுநில மன்னர். அவர் தங்க இடம் கொடுத்தார். பள்ளி மீண்டும் தொடங்கியது.

அங்கே 1767-ம் ஆண்டு ஓர் இளைஞர் வந்து சேர்ந்தார். பெயர் பியேர் பிஞ்ஞோ. வட பிரான்சில் ஒரினி என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனாருக்குத் தோல் பதனிடும் தொழில். குருப்பட்டம் பெற்ற கையோடு கப்பல் ஏறிவிட்டார். வழியில் புதுச்சேரியில் இறங்கி, அங்கிருந்து மக்காவ் போய், பிறகு ஹோன் தாத் வந்தார். வயது இருபத்தைந்து.

வந்த சில மாதங்களிலேயே விபத்து வந்தது.

சயாமிலிருந்து தப்பி ஓடிய அரச குமாரர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். பாதிரிமார் அவருக்கு அடைக்கலம் கொடுத்துக் கம்போடியாவுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று புகார் எழுந்தது. ஹா தியென் மன்னருக்குக் கோபம் மூண்டது. 1768-ம் ஆண்டு ஜனவரியில் பிஞ்ஞோவையும் உடனிருந்த குருமாரையும் காவலில் போட்டார்கள்.

வெறும் காவல் அல்ல. கழுத்தில் மரம்! அந்த நாட்டு வழக்கப்படி, கைதியின் கழுத்தை இரண்டு நீளக் கட்டைகளுக்கு நடுவே வைத்து, ஏணி போலக் குறுக்குச் சட்டம் அடித்து மாட்டிவிடுவார்கள். உட்கார்ந்தாலும் மரம். படுத்தாலும் மரம். திரும்ப முடியாது. தோள் புண்ணாகும். இரண்டு மூன்று மாதம் இப்படிக் கழிந்தது. பிஞ்ஞோவுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. பிறகு ஒரு நாள் விடுதலை செய்தார்கள்.

வெளியே வந்தவர் என்ன செய்தார்? ஊருக்குக் கப்பல் ஏறினாரா? இல்லை. பள்ளிக்குத் திரும்பினார். மறுபடி லத்தீன் பாடம் தொடங்கியது.

மறு ஆண்டு, 1769-ல், கொள்ளைக்காரர் வந்தார்கள். சீனரும் கம்போடியரும் கலந்த கூட்டம். பள்ளியைத் தாக்கினார்கள். மாணவர் சிலரை வெட்டிக் கொன்றார்கள். கட்டடங்களுக்குத் தீ வைத்தார்கள்.

அந்தப் பையன்களின் பெயர்கள் இந்தக் கதையைச் சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலும் வருவதில்லை. பிஞ்ஞோவைப் பற்றி எத்தனையோ நூல்கள் உண்டு. வெட்டுப்பட்டு விழுந்த பையன்களுக்கு ஒரு வரிதான். பெற்றோரை விட்டு, ஊரை விட்டு, ஒரு பள்ளியை நம்பிப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

இடிந்த ஊர் இடம் கொடுத்தது

பிழைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பிஞ்ஞோ கப்பல் ஏறினார். முதலில் மலாக்கா. அது டச்சுக்காரர் கையில் இருந்தது. அங்கே நிலையாகத் தங்க வழியில்லை. வங்காள விரிகுடாவைக் கடந்து 1770-ம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்தார்கள்.

அப்போது புதுச்சேரி எப்படி இருந்தது தெரியுமா? ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான், 1761-ல், ஆங்கிலேயர் அந்த ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியிருந்தனர். கோட்டை போயிற்று. கோயில்கள் போயின. வீடுகள் போயின. 1765-ல்தான் ஊர் பிரஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் தெருத் தெருவாகக் குவிந்து கிடந்த நேரம். எரிந்த பள்ளிக்கு இடிந்த ஊர் இடம் கொடுத்தது!

கப்பல் கரைக்கு வர முடியாத கடல் அது. தூரத்தில் நங்கூரம் போடும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகள் அலைமேல் ஏறி இறங்கிப் போய் ஆட்களையும் சாமான்களையும் கொண்டுவந்து சேர்க்கும். படகோட்டிகள் நம் கரையோர மக்கள்.

குருமடத்துக்கு வீராம்பட்டினத்தில் இடம் கிடைத்தது. ஊர்ச் சந்தடி இல்லை. பக்கத்தில் ஆறு. செங்கல்லுக்கும் பஞ்சம் இல்லை. அந்த மேட்டில் தோண்டினால் பழங்காலத்துப் பெரிய செங்கற்கள் அகப்படும். சுற்று வட்டார மக்கள் அதற்கு முன்பே அவற்றை எடுத்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட மேட்டில் பாதிரிமாரும் கட்டினார்கள். ரோமாபுரிக் கதையெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

சீனப் பையனுக்கு வியட்நாம் பேச்சு புரியாது. வியட்நாம் பையனுக்குச் சயாம் பேச்சு புரியாது. எல்லோருக்கும் பொதுவான ஒரே மொழி லத்தீன். பாடம் லத்தீனில். சண்டையும் லத்தீனில்தான் போட்டிருப்பார்கள்! வலையை உலர்த்திக்கொண்டிருந்த வீராம்பட்டினத்து மீனவரின் காதில் மூன்று நாட்டுப் பையன்களின் லத்தீன் பாட்டு விழுந்திருக்கும். என்ன நினைத்தார்களோ! சோறும் மீனும் தின்கிற பையன்கள் என்பதில் மட்டும் அன்னியம் தோன்றியிருக்காது.

விசுவாசம் என்பதைப் பற்றிப் பேசும்போது பலர் அற்புதங்களைத்தான் தேடுவார்கள். கடல் பிளந்தது, தீ அணைந்தது என்று கேட்டால்தான் திருப்தி. இந்தப் பள்ளியின் கதையில் அப்படி எதுவும் கிடையாது. தீ அணையவில்லை. கட்டடம் எரிந்தே போயிற்று. கொள்ளைக்காரன் கை ஓங்கியது, வெட்டிவிட்டான். பிழைத்தவர்கள் செய்தது ஒன்றுதான். அடுத்த கரையில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்கள். காலையில் மணி அடித்தால் எழுந்திருப்பது. ஜெபம். பூசை. பாடம். சாப்பாடு. மறுபடி பாடம். தோழன் வெட்டுண்டதைக் கண்ணால் பார்த்த பையன், அடுத்த ஆண்டு வேறொரு நாட்டில் உட்கார்ந்து வினைச்சொல்லை மனப்பாடம் செய்தான்.

வீட்டுக்குப் போய்விடலாம் என்று யாருக்குமே தோன்றியிருக்காதா? தோன்றியிருக்கும். அவர்களும் பிள்ளைகள்தானே. எரிந்துபோன இடத்துக்குத் திரும்பிப் போகவா இந்தப் படிப்பு என்று இரவில் விழித்துக் கிடந்து யோசித்தவனும் இருந்திருப்பான். படித்து முடித்தால் காத்திருப்பது பதவி அல்ல. தடை போட்ட நாடு. பிடித்தால் கழுத்தில் மரம். அந்த மரம் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மாட்டியிருந்தவர் எதிரே நின்று பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு சொல், இன்னொரு சொல்

வீராம்பட்டினத்துக் குருமடத்தை நடத்திக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் பிஞ்ஞோ ஒரு பெரிய வேலையில் இறங்கினார். வியட்நாம் மொழிக்கு அகராதி! அந்த நாட்டார் சிலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, அவர்கள் நாட்டுச் சித்திர எழுத்திலும் ரோமன் எழுத்திலும் எழுதி, எதிரே லத்தீனில் பொருள் எழுதினார். 1772, 1773-ம் ஆண்டுகளில் இந்த வேலை நடந்தது. அது கையெழுத்துப் பிரதியாகவே நெடுங்காலம் கிடந்தது.

1774-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி மயிலாப்பூர் சாந்தோமில் அவர் மேற்றிராணியாராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் செய்யப்பட்டார். அப்போது வயது முப்பத்திரண்டு. பட்டம் கிடைத்ததும் எங்கே போனார்? மக்காவ் வழியாக அதே ஹா தியெனுக்கு! கழுத்தில் மரம் மாட்டிய அதே ஊருக்கு!

வீராம்பட்டினத்தில் பள்ளி தொடர்ந்தது. ஆனால் நிம்மதி இல்லை. 1773-ல் ரோமாபுரியில் போப்பாண்டவர் யேசு சபையையே கலைத்துவிட்டார். தமிழ்நாட்டில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக வேலை செய்த சபை அது. அதன் வேலை பாரிஸ் வேதபோதக சபையின் தலையில் விழுந்தது. 1776-ம் ஆண்டு அதற்குத் தலைவராகப் புதுச்சேரிக்கு வந்தவர் யார்? அயோத்தியாவில் பர்மியர் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தப் பிரிகோதான்! சிறை தப்பி, பிரான்சு போய், திரும்பி வந்திருந்தார். 1791-ல் புதுச்சேரியிலேயே இறந்தார்.

அதோடு போர். 1778-ம் ஆண்டு ஆங்கிலேயர் மறுபடி புதுச்சேரியை முற்றுகையிட்டனர். இரண்டு மாதத்துக்கு மேல் பீரங்கிச் சண்டை. அக்டோபரில் ஊர் விழுந்தது. கடல் முழுவதும் போர்க்கப்பல்கள். சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் பையன்கள் இத்தனை தூரம் எப்படி வருவார்கள்? படித்தவர்கள் எப்படித் திரும்புவார்கள்? 1780-களின் தொடக்கத்தில் வீராம்பட்டினத்துக் குருமடம் மூடப்பட்டது. கொள்ளைக்காரனால் நிறுத்த முடியாத பள்ளியைத் தூரம் நிறுத்திவிட்டது.

ராஜாவின் தயவு

பிஞ்ஞோவின் பின் கதை தனிக் கதை. வியட்நாமில் உள்நாட்டுக் கலகம். நாட்டை இழந்து காட்டில் ஒளிந்திருந்த இளவரசர் குயென் ஆனுக்கு அவர் துணை செய்தார். 1785-ல் அந்த இளவரசரின் ஐந்து வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி புதுச்சேரியில் வந்து இறங்கினார். பிரான்சுக்குப் போய் 16-ம் லூயி மன்னரோடு 1787-ல் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டார். புதுச்சேரி கவர்னர் கான்வே படை தர மறுத்தார். மேற்றிராணியார் விடவில்லை. தாமே கப்பலும் ஆளும் திரட்டிக்கொண்டு 1789-ல் புறப்பட்டார். 1799-ல் ஒரு கோட்டை முற்றுகையின்போது நோயில் இறந்தார். குருவானவர் போர்த் தளபதியின் வேலை பார்க்கலாமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

அவர் கணக்கு எளிது. ராஜாவுக்கு உதவினால் ராஜா கிறிஸ்தவர்களைக் காப்பார். குயென் ஆன் ஜெயித்து, 1802-ல் கியா லோங் என்ற பெயரில் சக்கரவர்த்தியானார். அவர் இருந்தவரை பெரிய தொல்லை இல்லை. ஆனால் பிஞ்ஞோ வளர்த்த பையன் பட்டத்துக்கு வராமலே 1801-ல் இறந்துபோனான். வேறொரு மகன் மின் மாங் பட்டத்துக்கு வந்தார். 1833-ல் கிறிஸ்தவ மதத்தைத் தடை செய்து உத்தரவு போட்டார். கோயில்கள் இடிக்கப்பட்டன. குருமார் கொல்லப்பட்டனர். எந்த வம்சத்துக்காகப் பிஞ்ஞோ உயிரைக் கொடுத்தாரோ, அந்த வம்சத்தின் கையாலேயே!

ராஜாவின் தயவு ஒரு தலைமுறைதான் தாங்கியது. பள்ளிக்கூடம்?

அது 1807-08-ல் பினாங்கில் மறுபடி திறக்கப்பட்டது. இடையில் இருபத்தைந்து ஆண்டுகள் போயிருந்தன. ஆனால் அதே பள்ளிதான். தன் பிறந்த ஆண்டு 1665 என்றுதான் அது சொல்லிக்கொள்கிறது. நம்மவர் பிழைப்புத் தேடிப் போன அதே பினாங்கில் வியட்நாம் பையன்களும் சீனப் பையன்களும் வந்து படித்தார்கள்.

அப்படிப் படித்தவர்களில் ஒருவர் பிலிப் மின். 1815-ம் ஆண்டு பிறந்த வியட்நாமியர். 1833-ல் தடை உத்தரவு வந்தபோது மேற்றிராணியார் தபேர் நாட்டை விட்டுத் தப்பி, கடைசியில் கல்கத்தாவுக்கு வந்தார். மின்னும் அவரோடு கல்கத்தாவில் இருந்தார். தபேர் கையில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதி இருந்தது. புதுச்சேரியில் பிஞ்ஞோ தொடங்கிய அகராதி! அதை விரித்துத் திருத்தி அச்சுக்குக் கொடுத்தார் தபேர். மின் அந்த வேலையில் உதவினார். கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் 1838-ம் ஆண்டு அகராதி அச்சாகி வந்தது. முதலில் தொடங்கியவர் பிஞ்ஞோ என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

மின் கல்கத்தாவிலேயே தங்கியிருக்கலாம். அகராதி வேலை தெரிந்தவர், எங்கும் பிழைத்திருப்பார். அவர் நாடு திரும்பினார். 1846-ல் குருவானார். ஊர் ஊராக மறைந்து வேலை செய்தார். 1853-ம் ஆண்டு பிடிபட்டார். விசுவாசத்தை மறுதலிக்கச் சொன்னார்கள். அவர் இணங்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை 3-ந் தேதி வின் லோங் பக்கத்தில் ஆற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது முப்பத்தெட்டு. அப்போது அரியணையில் இருந்தவர் து துக், கியா லோங்கின் கொள்ளுப் பேரன்.

1988-ம் ஆண்டு ஜூன் 19-ந் தேதி வியட்நாம் வேதசாட்சிகள் 117 பேருக்குப் போப்பாண்டவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் புனிதர் பட்டம் கொடுத்தார். அவர்களில் பிலிப் மின்னும் ஒருவர்.

பினாங்குக் குருமடம் இன்றும் நடக்கிறது. அரிக்கமேட்டில் சுவர்கள் நிற்கின்றன. மழை பெய்து மண் கரைந்தால், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அங்கே பாசிமணி பொறுக்கப் போவதுண்டு. சுவரைச் சுற்றித்தான் ஓடுவார்கள்.